துருவை மூடுவதும் துருவை வெட்டுவதும்

என் பெரியப்பா 1971ஆம் ஆண்டில் புதிதாக வாங்கிய அம்பாசடர் மார்க் 2 கார், அவரது மறைவுக்குப் பின் என் பொறுப்பில் வந்தது. நான் அப்போதுதான் இடமாறுதலில் கொல்கத்தா வந்து சேர்ந்திருந்தேன். லேக் மார்க்கெட்டுக்கு அருகே, தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழும் பகுதியில், ஒரு பழைய வீட்டின் கொட்டகையில் அந்த வண்டி நின்றிருந்தது. எஞ்சின் ஓடியது, பிரேக் பிடித்தது. கதவுகளின் அடியிலும் மட்கார்டு ஓரங்களிலும் மட்டும் பெயிண்ட் கொப்புளித்துப் பழுப்பு நிறம் தெரிந்தது. மேற்பூச்சு வேலை செய்தால் போதும் என்று முடிவு செய்தேன். வணிகவியல் படித்தவனுக்கு உலோகவியல் எதற்கு என்ற எண்ணமும் இருந்திருக்கலாம்.

ஒரு பட்டறையில் 38,000 ரூபாய்க்குப் பேசி வண்டியை விட்டேன். மூன்று வாரங்களில் கண்ணாடிபோல் மின்னும் கார் திரும்பி வந்தது. அது மார்ச் மாதம். ஜூனில் மழை தொடங்கியது. செப்டம்பருக்குள் கொப்புளங்கள் அதே இடங்களில், முன்னைவிடப் பெரிதாக, எழுந்துவிட்டன. ஒன்றை நகத்தால் அழுத்தியபோது விரல் நீளத்திற்குப் பட்டி பெயர்ந்து விழுந்தது. அதன் பின்னால் தகடே இல்லை. ஓட்டைக்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, அதன்மேல் பட்டி பூசி, தேய்த்து, பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

வேறொரு பட்டறையின் முதிய மிஸ்திரியிடம் காட்டினேன். அவர் கதவைப் பார்க்கவேயில்லை. முன் இருக்கையை எடுக்கச் சொன்னார், கார்பெட்டை உரித்தார், ஒரு ஸ்க்ரூடிரைவரைத் தரையில் ஓரிடத்தில் ஊன்றி அழுத்தினார். பிடிவரை உள்ளே இறங்கியது. "கதவு கிடக்கட்டும், தாதா. இந்த இடம் விட்டுப்போனால் முன்சக்கரம் ஒரு பக்கமாக உட்கார்ந்துவிடும்" என்றார். அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்புதான் என் தாயாரையும் மகளையும் அதே காரில் வைத்து வித்யாசாகர் சேதுவைக் கடந்து ஹௌராவுக்குச் சென்று திரும்பியிருந்தேன்.

பழைய கார் வைத்திருப்பவர்களும், ஓய்வுபெற்றபின் ஒன்றை வாங்கிப் புதுப்பிக்க எண்ணுபவர்களும் நம் வாடிக்கையாளர்களில் பலர் உண்டு. அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது, துருவைச் சீர்செய்யும் வேலையில் பணம் முதலில் எங்கே போகவேண்டும் என்பதையே. அது கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அல்ல, வண்டியின் அடியில்.

இதற்கான காரணம் அம்பாசடரின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1942இல் தொடங்கப்பட்டு, பின்னர் ஹூக்ளி மாவட்டத்தின் உத்தர்பாராவில் நிலைகொண்டது. அங்குள்ள ரயில் நிலையத்திற்கே ஹிந்த் மோட்டார் என்று பெயர். ஹௌராவிலிருந்து புறநகர் ரயிலில் போகும் எவரும் அதைப் பார்த்திருப்பார்கள். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு 1950களின் இறுதியில் அம்பாசடர் வெளிவந்தது. 2014 மே மாதத்தில் உத்தர்பாராவில் உற்பத்தி நின்றது. அதற்கு முந்தைய தலைமுறைக் கார்கள் பலவற்றில் லாரியைப்போல் தனியாக ஒரு சேஸிஸ் இருக்கும். உடற்கூடு அதன்மேல் உட்கார்ந்திருக்கும். கூடு துருப்பிடித்தால் அழகு கெடும், அவ்வளவே. அம்பாசடரில் அப்படியில்லை. தரை, பக்கவாட்டுப் பெட்டிகள், தூண்கள், கூரை ஆகிய அனைத்தும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு, அந்தக் கூடே வண்டியின் எலும்பாகவும் இருக்கிறது. மோனோகாக் என்று இதைச் சொல்வார்கள். முன்சக்கரங்களைத் தாங்கும் டார்ஷன் பார் எனப்படும் நீண்ட முறுக்குத் தண்டுகள் பின்னோக்கி ஓடி, தரைக்கடியில் உள்ள குறுக்குச் சட்டத்தில் முடிகின்றன. பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்குகளும் அதே தகட்டுக் கூட்டில்தான் தொங்குகின்றன. எங்கள் காரில் ஸ்க்ரூடிரைவர் இறங்கியது அந்தக் குறுக்குச் சட்டத்தின் ஓரத்தில்.

துரு எப்படி உண்டாகிறது என்பதைச் சற்று விளக்கவேண்டும். ஏனெனில் அதைப் புரிந்துகொண்டால் எந்த வேலை நிலைக்கும், எது நிலைக்காது என்பதை நாமே கணிக்கலாம். இரும்பு, நீர், ஆக்ஸிஜன் மூன்றும் சேரவேண்டும் என்பது பள்ளியில் படித்ததே. நமக்குத் தேவையான பாடம் அதற்கு அடுத்தது. இரும்பின்மேல் ஒரு நீர்த்துளி நிற்கும்போது, துளியின் விளிம்பில் காற்று எளிதில் கலக்கிறது. நடுவில் குறைவாகவே கலக்கிறது. இந்த வேறுபாட்டால் தகட்டின் பரப்பிலேயே ஒரு சிறு மின்கலம் உருவாகி, ஆக்ஸிஜன் குறைந்த நடுப்பகுதி கரையத் தொடங்குகிறது. அதாவது, காற்றோட்டம் குறைந்த இடமே அதிகம் அரிக்கப்படும். இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும் இணைப்பின் உட்புறம் இப்படிப்பட்ட இடம். ஈரம் உள்ளே நுண்புழை வழியாக ஏறும், வெளியேற வழியிருக்காது.

மேலும், துரு தான் தோன்றிய இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். இணைப்புக்குள் அது வளரும்போது தகடுகளை விலக்கித் தள்ளும். விலகிய இடைவெளியில் இன்னும் அதிக நீர் புகும். ஆகவே துருப்பிடித்த தகட்டை அப்படியே விட்டுவிட்டு, அதன்மேல் புதுத் தகடு ஒன்றை வைத்துப் பற்றவைப்பது வேலையே அல்ல. காற்று நுழையாத, ஈரம் தங்கும் புதிய பொந்து ஒன்றை நாமே செய்து கொடுத்ததாக ஆகும். பட்டி பூசி மூடுவதும் அதே வகைதான். பட்டியில் கலந்திருக்கும் மாவுப்பொருள் ஈரத்தை உறிஞ்சித் தகட்டோடு ஒட்டி வைத்துக்கொள்ளும்.

கொல்கத்தாவின் பருவநிலை இதற்கு உகந்த களம். சென்னையில் கடற்காற்றின் உப்பு காரை அரிக்கிறது. இங்கே கடல் தொலைவில் இருந்தாலும் ஈரம் விடுவதில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டினாலே இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கத் தொடங்கும். இந்நகரில் மழைக்கால மாதங்கள் முழுவதும் அதற்கு மேல்தான். போதாக்குறைக்கு, ஒரு மணிநேரப் பெருமழையில் தெருக்களில் முழங்கால் அளவு நீர் நிற்கும். கதவுக்குக் கீழே, முன்சக்கரம் முதல் பின்சக்கரம்வரை நீண்டிருக்கும் பெட்டி வடிவப் பகுதிக்குள் அந்தச் சாக்கடை நீர் புகுந்து, சேற்றை விட்டுவிட்டுப் போகும். சில் என்று அப்பகுதியைச் சொல்வார்கள். மழை நின்றபின் வெளியே கார் காய்ந்துவிடும். சில்லுக்குள் இருக்கும் சேறு தீபாவளிவரை காயாது.

பழைய கார் ஒன்றை வாங்கும் முன்னரோ, வேலைக்கு விடும் முன்னரோ, அரைநாள் ஒதுக்கிப் பார்வையிடுங்கள். கருவிகள் மூன்று போதும்: மென்துணி சுற்றிய சிறு காந்தம், மழுங்கிய ஸ்க்ரூடிரைவர், நல்ல டார்ச். காந்தத்தைக் கதவின் கீழ்ப்பகுதியிலும் சக்கர வளைவுகளிலும் மெல்ல நகர்த்திச் செல்லுங்கள். தகடு இருக்கும் இடத்தில் இழுக்கும்; பட்டி தடித்திருக்கும் இடத்தில் பிடி தளரும். எங்கள் காரின் இடப்பக்கப் பின் மட்கார்டில் ஓரிடத்தில் காந்தம் அப்படியே கீழே விழுந்தது.

அதன்பின் கார்பெட்டை முழுவதும் எடுத்துவிட்டுத் தரையைப் பாருங்கள். விற்பவர் மறுத்தால், அந்த மறுப்பே விடை. முன்பக்கக் கால் வைக்கும் இடங்கள், இருக்கையைத் தாங்கும் இடங்கள், தரை சில்லோடு சேரும் நீண்ட கோடு ஆகியவற்றை ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பாருங்கள். திடமான தகடு கணீரென்று ஒலிக்கும்; அரித்த தகடு சொதசொதவென்று அமுங்கும். டிக்கியில் மாற்றுச் சக்கரம் இருக்கும் இடத்தையும், பின்பக்க ஸ்பிரிங்குகளின் முனைகள் மாட்டியிருக்கும் இடங்களையும் விடாதீர்கள். முன் கண்ணாடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் மழைநீர் உள்பக்கமாக வடிந்து, கதவுத் தூணின் அடிவரை போயிருக்கும். கதவைப் பாதி திறந்து, அதன் நுனியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கீல் ஆடினால் கீலை மாற்றலாம். கீலோடு தூணும் ஆடினால் செலவு வேறு கணக்கு. காரின் கீழே படுத்துப் பார்க்கும்போது ஜாக்கியை மட்டும் நம்பாமல், உறுதியான முட்டுகளை வைத்தபின்னரே உடலை உள்ளே நுழைக்கவேண்டும். ஜாக்கி ஊன்றும் இடமே துருப்பிடித்திருக்கக்கூடும் என்பதால் பழைய கார்களில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும்.

இனி, வெட்டும் வேலை. எங்கள் மிஸ்திரி இதில் காட்டிய பொறுமையை நான் எந்தத் தணிக்கையிலும் கண்டதில்லை. முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றினார். பெட்ரோல் டாங்கை இறக்கிப் பட்டறைக்கு வெளியே வைத்தார். காலி டாங்கில் தேங்கும் ஆவி, நிறைந்த டாங்கைவிட ஆபத்தானது என்று விளக்கினார். வெட்டவேண்டிய இடத்தை ஒட்டி ஓடும் ஒயர்களையும் பிரேக் குழாய்களையும் விலக்கிக் கட்டினார். பிறகு நான்கு முட்டுகளின்மேல் வண்டியை நிறுத்தி, நீர்மட்டம் வைத்துச் சமன் பார்த்தார். கதவுகளைக் கழற்றி, கதவுத் துவாரங்களின் குறுக்கே இரும்புக் குழாய்களைத் தற்காலிகமாகப் பற்றவைத்தார். சில் என்பது வண்டியின் முதுகெலும்பு போன்றது. அதை வெட்டியெடுத்ததும் கூடு நடுவில் தொய்யும். தொய்ந்த நிலையில் புதுச் சில்லைப் பற்றவைத்துவிட்டால், பின்னர் அந்தக் காரின் கதவு ஒருபோதும் ஒழுங்காக மூடாது. இக்காரணத்தாலேயே அவர் இரு பக்கங்களையும் ஒரே நேரத்தில் வெட்டவில்லை. இடப்பக்கத்தை முடித்து, கதவை மாட்டி, மூடிப் பார்த்து, இடைவெளி சீராக இருப்பதைக் கண்டபின்னரே வலப்பக்கத்தைத் தொட்டார்.

எதுவரை வெட்டுவது? கிரைண்டரால் பெயிண்டை நீக்கிக்கொண்டே போகும்போது, கருமையும் குழிகளும் மறைந்து, சுத்தமான வெள்ளி நிறத் தகடு தொடங்கும் இடம் ஒன்று வரும். அதிலிருந்து ஓரங்குலம் உள்ளே தள்ளி வெட்டுக்கோடு போடவேண்டும். குழி விழுந்த மெல்லிய தகட்டில் பற்றவைத்தால், சுடர் பட்டதும் அது உருகி ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும். இங்கேதான் மனம் தயங்குகிறது. கையளவு ஓட்டை என்று நினைத்தது முழ நீளத்திற்கு வெட்டப்படுவதை அருகில் நின்று பார்ப்பது எளிதன்று. அன்று நான் இருமுறை, "போதாதா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் வெட்டிய துண்டைத் திருப்பி அதன் உட்புறத்தைக் காட்டினார். மேற்புறம் நல்ல தகடு போலிருந்தது. உட்புறம் பிஸ்கட் அடுக்குபோல் உதிர்ந்தது.

புதுத் தகட்டின் கனம் பழையதோடு ஒத்திருக்கவேண்டும். வெளிப்புற உறைகளுக்கு 20 கேஜ், அதாவது சுமார் 0.9 மில்லிமீட்டர், தரைக்கும் சில்லுக்கும் 18 கேஜ், சுமார் 1.2 மில்லிமீட்டர் என்று அவர் எடுத்துக்கொண்டார். கனத்த தகடு போட்டால் உறுதி கூடும் என்று எண்ணுவது பிழை; கனத்த தகடும் மெலிந்த தகடும் சேரும் இடத்தில் வெப்பம் சமமாகப் பரவாது, அதிர்வில் மெலிந்த பக்கம் விரிசல் விடும். அம்பாசடருக்கான சில், தரை, மட்கார்டு போன்ற உறுப்புகள் இன்னும் மல்லிக் பஜாரில் தேடினால் அகப்படும். பழைய வண்டி உறுப்புகளுக்குக் கொல்கத்தாவில் அதைவிடப் பேர்போன இடம் இல்லை. ஆனால் கடையில் கிடைக்கும் உறுப்பு அப்படியே பொருந்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நாங்கள் வாங்கிய சில்லின் வளைவைச் சுத்தியலும் மரக்கட்டையும் கொண்டு திருத்தவே ஒரு நாள் ஆயிற்று. குறுக்குச் சட்டத்தின் ஓரத்திற்குக் கடையில் எதுவும் கிடைக்கவில்லை. மிஸ்திரி அட்டையில் படியெடுத்து, தகட்டை வெட்டி மடித்துத் தாமே செய்தார்.

பற்றவைப்பதில் இரு வழக்கங்கள் உண்டு. நம் ஊர்ப் பட்டறைகளிலும் இங்கும் பல ஆண்டுகளாகக் கேஸ் வெல்டிங்கே வழக்கம். கைதேர்ந்தவர் அதிலும் நேர்த்தியாகச் செய்வார். ஆனால் சுடர் பரந்து விழுவதால் தகடு சூடேறி நெளியும், சுற்றிலும் உள்ள பெயிண்ட் கருகும். கார்பன் டை ஆக்ஸைடு வாயு உதவியுடன் கம்பி தானாக ஊட்டப்படும் வெல்டிங்கில் சூடு ஒரு புள்ளியில் நிற்கும். மெல்லிய தகட்டுக்கு அதுவே ஏற்றது. எந்த முறையானாலும் நீளக் கோடாக ஒரே மூச்சில் ஓட்டிச் செல்லக்கூடாது. இங்கே ஒரு பொட்டு, ஓரடி தள்ளி இன்னொரு பொட்டு, பிறகு இரண்டுக்கும் நடுவில் ஒன்று என்று வைத்து, ஒவ்வொன்றும் ஆறியபின் அடுத்ததற்குப் போகவேண்டும். இரு விளிம்புகளும் ஒன்றோடொன்று முட்டிச் சேரவேண்டுமே தவிர, ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. தரைப்பகுதி போன்ற இடங்களில் படிந்த இணைப்பைத் தவிர்க்க முடியாதபோது, படியும் இரு பரப்புகளிலும் துத்தநாகப் பிரைமர் பூசிவிட்டுப் பற்றவைத்து, விளிம்பை இருபுறமும் சீலண்ட் கொண்டு அடைக்கவேண்டும். நீர்த்துளிப் பாடத்தை மறக்காதவருக்கு இதன் காரணம் விளங்கும். நாகமுலாம் பூசிய தகட்டைப் பயன்படுத்தினால் துரு வராதே என்று நான் கேட்டேன். அதைப் பற்றவைக்கும்போது எழும் வெண்புகை காய்ச்சலை உண்டாக்கும் என்று அவர் மறுத்துவிட்டார். துத்தநாகப் புகை குறித்த அந்த எச்சரிக்கை மருத்துவமும் ஏற்றுக்கொண்டதே. துத்தநாகப் பிரைமர் பூசிய இடத்தைப் பற்றவைத்தபோதுகூட அவர் கதவுகளைத் திறந்துவைத்து, முகக்கவசம் அணிந்தே செய்தார்.

வெட்டத் தேவையில்லாத, மேலோட்டமான துரு மட்டும் படிந்த இடங்களில் கம்பித் தூரிகையால் தேய்த்தபின் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றியைப் பூசலாம். எஞ்சிய துரு கருமையான பாஸ்பேட் படலமாக மாறும். சில பட்டறைகளில் மலிவாகக் கிடைக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றிக் கழுவுவார்கள். துரு உடனே மறையும். அதன் குளோரைடு எச்சம் தகட்டின் நுண்குழிகளில் தங்கி, பெயிண்டின் அடியில் மீண்டும் அரிக்கத் தொடங்கும். மணல் பீய்ச்சும் முறை கனத்த உறுப்புகளுக்கு மட்டுமே நல்லது. கூரை, பானட் போன்ற அகன்ற மெல்லிய தகடுகள் அதில் நெளிந்துவிடும்.

பட்டியைப் பற்றி நான் கடுமையாக எழுதிவிட்டதாகத் தோன்றலாம். பட்டி தீயபொருள் அல்ல. உறுதியான தகட்டின்மேல் சிறு மேடுபள்ளங்களைச் சமன்செய்ய, ஓரிரு மில்லிமீட்டர் கனத்திற்கு, எப்பாக்ஸி பிரைமர் பூசியபின் அதைப் பூசுவதில் தவறில்லை. ஓட்டையை நிரப்பும் பொருளாக அதைக் கருதுவதே பிழை. செந்நிற ரெட் ஆக்ஸைடு பிரைமரும் அப்படித்தான். அது ஈரத்தை முழுமையாகத் தடுக்காது. பிரைமரோடு மாதக்கணக்கில் வண்டியை நிறுத்திவைத்தால் அதன் அடியிலேயே துரு தொடங்கிவிடும்.

வேலையைத் தொடங்கும் காலத்தையும் சிந்திக்கவேண்டும். செப்டம்பர் 17ஆம் நாளை ஒட்டி வரும் விஸ்வகர்மா பூஜையின்போது பட்டறைகளில் கருவிகளுக்கு மாலையிட்டு வழிபடுவார்கள். அன்று வானமெங்கும் பட்டங்கள் பறக்கும். அதிலிருந்து துர்கா பூஜை, லட்சுமி பூஜை, காளி பூஜை முடியும்வரை எந்தப் பட்டறையிலும் தொடர்ச்சியான வேலையை எதிர்பார்ப்பது வீண். காளி பூஜைக்குப் பின் வெட்டத் தொடங்கினால் டிசம்பர், ஜனவரி மாதங்களின் வறண்ட குளிரில் பெயிண்ட் அடிக்க முடியும். மழைக்காலத்தில் அடித்த பெயிண்ட் ஈரத்தால் வெளுத்துப் பால்போல் படரும். தி ஸ்டேட்ஸ்மன் நாளிதழின் பெயரோடு 1968இல் தொடங்கிய புகழ்பெற்ற பழங்கார் பேரணி இந்நகரில் குளிர்காலத்தில் நடைபெற்று வந்ததற்கு வேறு காரணங்கள் இருக்கலாம். பெயிண்ட் காய்ந்த காரை வெளியே எடுக்க அதைவிட ஏற்ற பருவம் இல்லை என்பதும் உண்மை.

இனி நம் துறைக்கு வருகிறேன். துருவேலைக்கு முன்கூட்டியே நம்பத்தக்க மதிப்பீடு தர எவராலும் இயலாது. தருபவரிடம் எச்சரிக்கை தேவை. பெயிண்ட் உரிக்கப்படும்வரை சேதத்தின் அளவு மிஸ்திரிக்கே தெரியாது. எனவே மொத்த வேலைக்கு ஒரே தொகை பேசுவதைத் தவிர்த்து, வீட்டுக்கடனில் கட்டுமான நிலைக்கேற்பப் பணம் விடுவிப்பதுபோல் பிரித்துக் கொள்ளுங்கள். உரித்துக் காட்டுவதற்கு ஒரு சிறு தொகை. அதைப் பார்த்தபின் வெட்டிப் பற்றவைக்கும் வேலைக்கு எழுத்தில் மதிப்பீடு. பற்றவைத்த இடங்களைப் பிரைமர் பூசும் முன் நீங்கள் நேரில் பார்த்த பின்னரே அடுத்த தவணை. ஒருமுறை பிரைமர் பூசிவிட்டால், அதன் அடியில் இருப்பது தகடா செய்தித்தாளா என்பது எவருக்கும் தெரியாது. என் முதல் 38,000 ரூபாய் போனது அவ்வழியே. இரண்டாவது முறை உலோக வேலைக்கு மட்டும் 92,000 ரூபாய் ஆயிற்று, பெயிண்ட் தனி. அதில் ஏறத்தாழ பாதி, வண்டியை நிறுத்தியபின் யாரும் பார்க்க முடியாத இடங்களுக்குச் சென்றது.

இதற்குத் தனிநபர் கடன் வாங்கலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வங்கி அலுவலனாக இதைச் சொல்வது விந்தையாகத் தோன்றலாம்: உரித்துப் பார்க்கும் கட்டம் முடியும்வரை வாங்காதீர்கள். தேவையே தெரியாதபோது கடன் தொகையை எப்படி முடிவு செய்வது?

காப்பீட்டை இதற்கு நம்ப இயலாது. வழக்கமான மோட்டார் பாலிசியில் தேய்மானத்தால் வரும் இழப்பு விலக்கப்பட்டிருக்கிறது. துரு அந்த வகையில் சேரும். விபத்தில் சேதமடைந்தாலும், பத்தாண்டுகளைக் கடந்த வண்டியின் உலோக உறுப்புகளுக்கு 50 விழுக்காடு தேய்மானம் கழித்தே இழப்பீடு கணக்கிடப்படும். ஐந்தாண்டுகளுக்கு மேற்பட்ட வண்டியின் காப்பீட்டு மதிப்பு, நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகை. ஆகவே புதுப்பிக்கும் வேலையின் ரசீதுகளையும் படங்களையும் தேதிவாரியாகச் சேர்த்து வைத்தால் அந்தப் பேச்சில் உதவும்.

படங்கள் வேறொன்றுக்கும் பயன்படும். 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, சொந்த உபயோகத்திற்கான வண்டிகளை விண்டேஜ் வகையில் பதிவு செய்யலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பின்னர் மறுபதிவுக்கு 5,000 ரூபாய் கட்டணம். பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும். எண் பலகையில் மாநில எழுத்துகளை அடுத்து 'விஏ' என்ற எழுத்துகள் வரும். அவ்வாறு பதிந்த வண்டியை அன்றாடப் பயணத்திற்கு ஓட்டமுடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே எடுக்கலாம். சேஸிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் செய்யும் அளவுக்குப் பெரிய வேலை நடந்திருக்கக்கூடாது என்பதும் நிபந்தனை. கூட்டையே எலும்பாகக் கொண்ட அம்பாசடருக்கு இது முக்கியமானது. அரித்த தகட்டை அதே வடிவில், அதே கனத்தில், அதே இடத்தில் திருப்பி வைப்பது சீரமைப்பு. சௌகரியத்திற்காகச் சட்டத்தின் வடிவையே மாற்றி வைப்பது வேறு. செய்தது எது என்பதைப் பின்னர் காட்ட, வெட்டும் முன்னும் பின்னும் எடுத்த படங்கள் தவிர வேறு சான்று இருக்காது. நாங்கள் இன்னும் அந்தப் பதிவுக்கு விண்ணப்பிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மகளோடு மைதானம்வரை போய்வரும் உரிமையை விட மனமில்லை.

பெயிண்ட் முடிந்தபின்னும் ஒரு வேலை மிச்சமிருந்தது. பலர் அதைச் செய்வதில்லை. சில்லுக்குள்ளும் கதவுகளுக்குள்ளும் நீண்ட குழாய் வழியாக மெழுகு போன்ற ஒரு திரவத்தைப் பீய்ச்சினார்கள். பற்றவைத்த கோட்டின் உட்புறம் பெயிண்ட் எட்டாத இடம் அது. மெழுகு மட்டுமே காப்பு. அதன்பின் மிஸ்திரி என்னை அழைத்து, கதவுகளின் அடியிலும் சில்லின் அடியிலும் உள்ள நீர்வடி துளைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். பழைய பட்டறைக்காரர்கள் அவற்றைப் பட்டி பூசி அடைத்திருந்தார்கள். மொத்தம் பதினான்கு. இப்போது ஒவ்வொரு மே மாத இறுதியிலும், மழை வருவதற்குச் சற்று முன்னால், ஒரு வளைந்த கம்பியோடு காரின் பக்கத்தில் மண்டியிட்டு அவற்றைக் குத்திச் சுத்தம் செய்கிறேன். மகள் எண்ணிக்கொண்டே வருவாள். போன ஆண்டு பதின்மூன்றோடு நின்றது. விடுபட்ட ஒன்றைத் தேட இருபது நிமிடம் ஆயிற்று. வலப்பக்கப் பின்கதவின் மூலையில், மண் அடைத்துக் கிடந்தது.